மூன்றாவது கடிதம் முதலில் வந்தது

27 பிப்ரவரி 1994

தபால் ஆபீஸ்காரருக்கு,

சுற்றுலா நிறுவனத்திலிருந்து உங்களுக்கு ஒரு தாள் வரும். பதற வேண்டாம், வக்கீல் நோட்டீஸ் இல்லை. தென் அமெரிக்கப் பயணத்தின் திட்டம். எந்தத் தேதியில் எந்த ஓட்டல் என்று அதில் இருக்கும். அவசரம் என்றால் ஊரில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். இருபது வருஷப் பழக்கம், கை உங்கள் பேரை எழுதிவிட்டது. அடித்துத் திருத்தினால் அசிங்கமாக இருக்குமே என்று விட்டுவிட்டேன்.

இருபதாவது கல்யாண நாளுக்கென்று இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதிவு செய்தது. நான் மட்டும் போகிறேன். உங்கள் இடத்தை ஓய்வுபெற்ற ஒரு நர்ஸம்மாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஏப்ரல் ஐந்து புறப்பாடு, பதினைந்து திரும்புதல்.

நான் வேலை செய்யும் பல் செட் லேபின் மாடி அறைக்குக் குடிவந்த பிறகு நீங்கள் அனுப்பிய எதையும் நான் பிரிக்கவில்லை. அப்படியே திருப்பி அனுப்பினேன். அதெல்லாம் உங்கள் கை வழியாகத்தானே போயிருக்கும். இனி அந்த வேலையும் வேண்டாம். நான் இந்த ஊரில் இருக்கும் வரை உங்களிடமிருந்து ஒரு வரி வரக் கூடாது.

பல் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்த வரச் சொல்லி எனக்கு வந்த கடிதத்தை ஆபீஸ் அலமாரியில் ஆறு வாரம் பூட்டி வைத்தீர்கள். வேலை வேறொருவருக்குப் போய்விட்டது, போகட்டும். அந்த ஆறு வாரமும் மத்தியானம் நீங்கள் செருப்பைக் கழற்றும்போதே, "லெட்டர் ஏதும் வந்துதா?" என்று கேட்டேன். தினமும் வாய் கூசாமல் "இல்லையே" என்றீர்கள். அந்த "இல்லையே"யைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வேறொன்றும் இல்லை.

---

4 மார்ச்

(தலைநகர ஓட்டல் முகவரிக்கு. கடிதம் 1)

பல் டாக்டரம்மாவுக்கு,

"இந்த ஊரில் இருக்கும் வரை" என்றுதானே எழுதியிருக்கிறாய். சரி, இது அந்த ஊருக்கு வருகிறது. அங்கே போய்ச் சேர மூன்று வாரம். எங்கள் வேலைப் பழக்கப்படி ஒரு வாரம் கூடுதலாகப் போட்டு இன்றைக்கே அனுப்புகிறேன். மலைமேல் அந்தத் தலைநகரத்தில் போய் இறங்கி நீ அறைச் சாவி கேட்கும்போது இதையும் சேர்த்துக் கொடுப்பார்கள். அங்கிருந்து திருப்பி அனுப்ப உனக்குப் பாஷை தெரியாது.

நான் செய்தது தப்பு. நூறு தடவை சொல்லியாயிற்று. நீ செய்ததற்கு என்ன பேர்? லேபில் மெழுகு உருக்குகிறவரிலிருந்து வாசல் கூட்டுகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் விஷயம் தெரியும். போன வாரம் உன் முதலாளி நடுக்கடைத்தெருவில் என்னை நிறுத்தி, "என்ன சார், லெட்டரெல்லாம் ஒழுங்கா போகுதா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். அவர் வாயில் இருக்கும் கீழ் வரிசை நீ செய்தது என்பதால் அதை உடைக்காமல் வந்தேன்.

மூன்று நாள் ஜுரத்தில் கிடந்தேன். எட்டிப் பார்த்தாயா? பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியும் நீ வரவில்லை. கல்லூரிக்கு விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு வந்து, "போடட்டுமா?" என்று கேட்டவள்தானே நீ. இரண்டு வருஷம் வேறு ஊரில் இருப்பேன் என்று சொல்ல உனக்கு ஒரு நிமிஷம் ஆனது, அவ்வளவுதான்.

உன் பயணத்தின் கடைசி ஊரான அந்த உப்புவெளியின் படத்தை நாட்காட்டியிலிருந்து வெட்டிச் சமையலறைச் சுவரில் ஒட்டியது யார்? நான். பதினோரு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டே பல் தேய்த்தவன் நான். இப்போது என் இடத்தில் யாரோ ஒரு நர்ஸ் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கப் போகிறாள்.

நல்லபடியாகச் சுற்றிப் பார். திரும்பி வந்ததும் மிச்சமிருக்கும் உன் சாமான்களை எடுத்துக்கொண்டு போ. நான் வேலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து வா. போகும்போது சாவியைக் கதவுக்கு அடியில் தள்ளிவிடு.

---

6 மார்ச்

(ஏரிக்கரை ஓட்டல் முகவரிக்கு. கடிதம் 2)

அன்புள்ள உனக்கு,

முதல் கடிதத்தைப் படித்துவிட்டு இதைப் பிரிக்காமலே ஏரியில் போட்டிருந்தால் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஒருவேளை பிரித்திருந்தால், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்று காலை எனக்கு வெளிநாட்டுத் தபால் பிரிக்கும் மேஜை. பெட்டியிலிருந்து எடுத்த கடிதக் கட்டை அவிழ்த்து, முகவரி பார்த்து, அந்தந்த நாட்டுக் கட்டத்தில் போட்டுக்கொண்டே போகிற வேலை. கைக்குத்தான் வேலை, மண்டைக்கு இல்லை. பாதிக் கட்டில் என் கையெழுத்தே எதிரில் வந்து நின்றது. பேனாவை அழுத்து அழுத்தென்று அழுத்தியதில் உறையில் ஓர் இடம் கிழிந்திருந்தது.

முந்தின நாள் இருந்த கோபம் அதற்குள் போய்விட்டது. சாவியைப் பற்றி எழுதிய வரி மட்டும் ஞாபகம் வந்தது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டால் முடிந்தது கதை. பார்ப்பவர் யாருமில்லை. பார்த்தாலும் என் கடிதம்தானே என்று சொல்லலாம். கவரைப் பிடித்தபடி நின்றேன். மேற்பார்வையாளர் வந்து, "என்னய்யா, கை நிக்குது? தேள் கொட்டிட்டுதா?" என்றார்.

உனக்கு எழுதிய கடிதம் அது. பெட்டியில் விழுந்த பிறகு உன்னுடையது. உனக்கு வர வேண்டிய ஒன்றை ஏற்கெனவே ஒரு தடவை இதே கையால் எடுத்து இதே சட்டைப் பையில் போட்டவன் நான். இன்னொரு தடவை அதைச் செய்ய என்னால் முடியவில்லை. கட்டத்தில் போட்டேன். பத்து நிமிஷத்தில் பையைக் கட்டி அரக்கு வைத்துவிட்டார்கள்.

அன்றைக்கு முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. இரண்டு கடிதங்களை வேறு நாட்டுக் கட்டத்தில் போட்டுவிட்டுப் பிறகு தேடி எடுத்தேன். இருபத்தாறு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

அதை முந்திக்கொண்டு போய் உன்னிடம் நிற்க வழியே இல்லை. எந்தக் கடிதமும் எந்தக் கடிதத்தையும் வழியில் முந்தாது, அதே கப்பல், அதே விமானம். தந்தி அடித்தால் ஆபீஸ் முழுக்கப் படிக்கும். போனில் பேசலாம்தான். நீயும் நானும் போனில் பேசினால் இரண்டாவது நிமிஷம் ஒருவர் வைத்துவிடுவோம். அதனால்தான் பின்னாலேயே இதை அனுப்புகிறேன்.

---

13 மார்ச்

(உப்புவெளி ஓட்டல் முகவரிக்கு. கடிதம் 3)

என் பல் டாக்டரம்மாவுக்கு,

இதுதான் கடைசி ஊர். இதற்குள் நீ என்னைத் திட்டி முடித்திருப்பாய். திட்டி முடித்தவர்களிடம்தான் உண்மையைச் சொல்ல வரும்.

அந்தக் கடிதத்தை ஏன் எடுத்தேன் என்று நீ கேட்டபோதெல்லாம், "சாயங்காலம் கொடுக்கலாம்னு வச்சேன், மறந்துட்டேன்" என்றேன். பொய். உறையில் கல்லூரி முத்திரையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, நீ போகப் போகிறாய் என்று. "தாராளமா போ" என்று சொன்ன வாய் என்னுடையதுதான். ஆனால் மத்தியானம் வீட்டுக்கு வந்தால் நீ இருக்க மாட்டாய், அதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்று அலமாரியில் வைத்தேன். மறுநாளும் அதையே சொல்லிக்கொண்டேன். அப்படி நாற்பத்திரண்டு நாள்.

உன்னை இங்கேயே வைத்துக்கொள்ளப் பார்த்தேன். ஆறு தெரு தள்ளி மாடி அறைக்குப் போய்விட்டாய். வேறு ஊரில் இருந்தால்கூட லீவுக்கு வந்திருப்பாய்.

கண்ணாடி அலமாரி மேல் நீ விட்டுப் போன மாதிரிப் பல் வரிசை ஒன்று அப்படியே சிரித்துக்கொண்டிருக்கிறது. துடைக்கும்போது அதனிடம் பேசுகிறேன். நேற்று அதனிடம், "லெட்டர் ஏதும் வந்துதா?" என்று கேட்டுவிட்டேன். எனக்கே பயமாகப் போய்விட்டது.

உள்ளே ஒரு துண்டுத் தாள் இருக்கிறது. கல்லூரி மறுபடியும் ஆள் எடுக்கிறது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் மே பதினைந்து. இன்னொன்று, அந்த ஊர் தபால் பிரிக்கும் ஆபீசுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். கிடைத்தால் உன் பின்னாலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். கிடைக்காவிட்டால் நீ போ, நான் லீவு நாளுக்கு வருகிறேன். நீ வேண்டாம் என்றால் வரவில்லை.

உப்புவெளியில் நீ நிற்பதை நினைக்கிறேன். நான் பதினோரு வருஷம் பார்த்த இடம். எனக்கும் சேர்த்து ஒரு நிமிஷம் அங்கே நில். உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வீட்டுக்கு வா.

---

16 ஏப்ரல், காலை 8.10

அன்புள்ள உனக்கு,

டீ குடிக்க விட்ட இடைவேளையில் எழுதுகிறேன். இதை எங்கே போடுவது என்று தெரியவில்லை. நீ இந்த ஊரில் இருக்கிறாய், எழுதக் கூடாது.

நீ இந்த ஊரில்தான் இருக்கிறாய் என்று ஆறு இருபதுக்குத் தெரிந்தது. ரயில் நிலையப் பெட்டிக் கட்டை அவிழ்த்தேன். தடியாக ஓர் உறை, உன் கையெழுத்து, என் பேர், வீட்டு முகவரி. நேற்றைய முத்திரை. விரலால் அழுத்திப் பார்த்தேன், உள்ளே நிறையத் தாள் இருக்கிறது. ஒருவேளை நான் அனுப்பிய மூன்றையும் திருப்பி அனுப்பியிருக்கலாம். சாவி மாதிரி எதுவும் தட்டுப்படவில்லை. இருந்தும் மூன்று தடவை தடவிப் பார்த்தேன்.

மேஜையிலேயே பிரித்திருக்கலாம். என் கடிதம்தானே. ஆனால் முகவரி வீட்டுக்கு. வீட்டுக்குத்தான் போக வேண்டும். நம் தெருக் கட்டத்தில் போட்டேன். தபால்காரர் அதை எடுத்துக்கொண்டே, "வீட்டுக்காரம்மா எழுத்து மாதிரி இருக்கே சார், இங்கயே குடுத்துரட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். பதினோரு மணிக்குக் கதவிடுக்கில் போடுவார். எனக்கு இரண்டு மணிக்குத்தான் வேலை முடியும்.

தலைநகரத்தில் முதல் நாளே அந்தச் சாவி வரியைப் படித்திருப்பாய். பத்து நாளும் அது உன்கூடவே வந்திருக்கும். உன் பயணத்தைக் கெடுத்துவிட்டேன்.

இன்னும் ஆறு மணி நேரம் எப்படிப் போகும் என்று தெரியவில்லை. மணி அடித்துவிட்டது.

---

(அந்த உறையில் இருந்தவை)

7 ஏப்ரல், உப்புவெளி

தபால் ஆபீஸ்காரருக்கு,

உங்கள் திட்டத்தில் மண். தலைநகர விமான நிலையத்தில் வேலைநிறுத்தம். எங்களைத் தெற்கே வேறோர் ஊரில் இறக்கிவிட்டார்கள். வழிகாட்டி தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "கடைசியிலேருந்து ஆரம்பிச்சிடலாம், ஊர் ஒண்ணும் ஓடிப் போயிடாது" என்று சொல்லிவிட்டார். ஆக, முதலில் உப்புவெளி, பிறகு ஏரி, கடைசியில் தலைநகரம்.

ஓட்டலில் சாவி கொடுத்த பெண்ணுக்கு முன்பல் இரண்டிலும் தங்க உறை, நல்ல வேலைப்பாடு. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவள் நீட்டிய கவரைக் கவனிக்கவில்லை. பின்பக்கத்தில் "3" என்று எழுதியிருந்தது. ஒன்றும் இரண்டும் எங்கே என்று தேடினேன், பிறகுதான் புரிந்தது. இங்கே வந்துமா என்று எரிச்சலாக வந்தது. கிழித்துப் போடத்தான் எடுத்தேன். இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்குகிற உயரம் இது, கிழிக்கக்கூட உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்ததும் படித்துவிட்டேன்.

நர்ஸம்மா என் அறையில்தான். "என்னம்மா, வீட்ல ஏதாச்சும் கெட்ட சேதியா?" என்றார். "இல்லைங்க" என்றேன். "அப்ப எதுக்கு அழற? இந்த உயரத்துல அழுதா தலைவலி வரும், தண்ணியக் குடி" என்றார்.

காலையில் உப்புவெளிக்குப் போனோம். கிண்ணத்தில் கலக்கிய பிளாஸ்டர் இறுகி வரும்போது இருக்குமே, அந்த வெள்ளை. கண்ணுக்கு எட்டின தூரம் வரை அது மட்டும்தான். சத்தமே இல்லை. "எனக்கும் சேர்த்து ஒரு நிமிஷம்" என்று கேட்டிருந்தீர்கள். கடிகாரத்தைப் பார்த்து நின்றேன். வண்டியிலிருந்து எல்லோரும் கூப்பிட்டார்கள், வழிகாட்டி ஹாரன் அடித்தார். நாலு நிமிஷம் நின்றிருக்கிறேன். பக்கத்தில் நீங்கள் இல்லாதது எனக்குப் பிடிக்கவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

இங்கிருந்து தபாலில் போட்டால் இது எனக்குப் பிறகுதான் வரும். அதனால் பையில் வைத்துக்கொள்கிறேன்.

---

10 ஏப்ரல், ஏரிக்கரை

இரண்டாவது கடிதம் கிடைத்தது. படித்துவிட்டுப் படகில் ஏறினேன். என்ன பார்த்தேன் என்று கேட்காதீர்கள். தண்ணீர் நீலமாக இருந்தது, அவ்வளவுதான் தெரியும். உங்கள் மேஜைதான் கண் முன்னால் நின்றது.

முதல் கடிதத்தில் சாவியைப் பற்றி ஏதோ எழுதித் தொலைத்திருக்கிறீர்கள் போல. என்ன எழுதியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா? இருபது வருஷமாகக் கோபம் வந்தால் கதவு, பூட்டு, சாவி இந்த மூன்றில்தானே போய் நிற்பீர்கள்.

ஒரு விஷயம் எழுதியே ஆக வேண்டும். எனக்கு வர வேண்டியதை நிறுத்தினீர்கள் என்றுதான் வீட்டை விட்டு வந்தேன். இப்போது உங்கள் குடியைக் கெடுக்கப் போகிற கடிதம் என்று தெரிந்தும் அதை நிறுத்தாமல் அனுப்பியிருக்கிறீர்கள். இதைவிடப் பெரிய மன்னிப்பை நீங்கள் கேட்டிருக்க முடியாது. மடத்தனமும் இதைவிடப் பெரிதாகச் செய்திருக்க முடியாது. மூன்று கடிதங்களும் வரிசையாக வந்திருந்தால் முதலாவதைப் படித்துவிட்டு மற்ற இரண்டையும் தொட்டிருக்க மாட்டேன். யாரோ முன்பின் தெரியாத விமான நிலைய ஆட்கள் வேலைநிறுத்தம் செய்து நம்மைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

ஜுரம் என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னார். மூன்று நாளும் சாயங்காலம் தெருமுனை வரை வந்தேன். நம் வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது, எழுந்து நடமாடுகிறார் என்று திரும்பிவிட்டேன். உள்ளே வந்திருக்க வேண்டும்.

படகில் நர்ஸம்மாவின் பல் செட் நழுவித் தண்ணீரில் விழப் பார்த்தது. பாய்ந்து பிடித்தேன். நகம் தேய்க்கும் அரத்தால் ஓரத்தைச் சரிசெய்து மாட்டிவிட்டேன். "உன் வீட்டுக்காரரு குடுத்து வச்சவரு" என்றார். "அதை அவர்கிட்ட சொல்லுங்க" என்றேன்.

---

13 ஏப்ரல், தலைநகர விமான நிலையம்

முதல் கடிதம் கைக்கு வந்துவிட்டது. மெல்லிய கவர். பேனா அழுத்திக் கிழிந்த இடத்தில் உள்ளே இருக்கும் தாள் தெரிகிறது.

மூன்று நாளாகக் கைப்பையில் வைத்துச் சுற்றுகிறேன். மலைச் சரிவில் ஏறும் பஸ்ஸில் ஊர் முழுவதையும் பார்த்தேன், அப்போதும் மடியில்தான் இருந்தது. நர்ஸம்மா பொறுக்க முடியாமல், "ஒண்ணு பிரிச்சுப் படி, இல்ல கிழிச்சுப் போடு. கைக்குழந்தை மாதிரி எதுக்கு தூக்கிட்டுத் திரியுற?" என்றார்.

இரண்டும் செய்யப் போவதில்லை. எனக்கு வந்த கடிதம் இது. பிரிப்பதும் பிரிக்காததும் என் இஷ்டம். வீட்டு அலமாரியில் என் துணிகளுக்கு அடியில் இருக்கும். இன்னொரு தடவை எனக்கு வரும் எதையாவது உங்கள் சட்டைப் பையில் பார்த்தேன் என்றால் அன்றைக்கு உட்கார்ந்து சத்தமாகப் படிப்பேன், பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி.

கல்லூரிக்கு விண்ணப்பம் போடப் போகிறேன். போகவும் போகிறேன். மாற்றல் கிடைத்தால் வாருங்கள், கிடைக்காவிட்டாலும் லீவுக்கு வாருங்கள். பதில் எப்படியும் உங்கள் மேஜை வழியாகத்தான் வரும். நீங்களே கொண்டுவந்து என் கையில் கொடுங்கள்.

நாளை மறுநாள் ஊரில் இறங்கியதும் இதை ரயில் நிலையப் பெட்டியில் போடுவேன். லேப் அறையில் தூங்குவேன். மறுநாள் காலை நீங்கள் வேலைக்குப் போன பிறகு என் சாவியால் கதவைத் திறந்து உள்ளே வருவேன். பதினோரு மணிக்குத் தபால்காரர் வந்தால் நானே வாங்கி வைத்துக்கொள்வேன்.

ஆகவே இதை நீங்கள் படிக்கும் நேரத்துக்கு எல்லாம் நடந்து முடிந்திருக்கும். காலையில் இந்தக் கவரைப் பிடித்துப் பார்த்திருப்பீர்கள், பிரித்திருக்க மாட்டீர்கள். இரண்டு மணிக்கு ஓட்டமாக வந்து, வாசலில் என் செருப்பைப் பார்த்து, என்ன பேசுவது என்று தெரியாமல், "லெட்டர் ஏதும் வந்துதா?" என்று கேட்டிருப்பீர்கள்.

நான் கவரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "இல்லையே" என்று சொல்லியிருப்பேன். உங்கள் முகம் போகிற போக்கைப் பார்த்து, எனக்கே மனசு கேட்காமல், உடனே நீட்டியிருப்பேன்.

நீங்கள் ஆறு வாரம் வைத்திருந்தீர்கள். என்னால் ஆறு நொடிகூட முடிந்திருக்காது.